கம்பஸ் தொடங்கிய கதையை எழுதப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு 50 வயது ஆனபோது துறைக்கு ஒரு நினைவு மலர், சங்கத்துக்கு ஒரு மலர் என்று பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். சிலர் என்னிடமும் வந்தார்கள். "ரீச்சர், தொடக்க வரலாறு ஒரு நாலு பக்கம் வேணும்" என்பார்கள். நான் அந்தக் கம்பஸின் ஆரம்ப காலத்து வரலாற்று மாணவி. பிறகு ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தவள். நாலு பக்கத்தை நானே எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் கொடுப்பதில்லை. எங்கே தேடுவது, யாரிடம் என்ன கேட்பது என்று சொல்லி அனுப்புவேன். அவர்களுக்குச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த வளாகத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். வேறு ஊரில், வேறு பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் தங்கள் இடத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மலர்களில் தொடக்க வரலாறு என்றால் ஒரு திகதி, திறந்து வைத்தவர் பெயர், முதல் தலைவரின் படம், பீடங்களின் பட்டியல். அதோடு சரி. அதைப் படிக்கிறபோது வெறும் காணியில் ஒரு நாள் காலை கட்டடங்கள் முளைத்த மாதிரி இருக்கும். எங்கேயும் அப்படி நடப்பதில்லை. ஒரு வளாகம் வருவதற்கு யாரோ இடம் விடுகிறார்கள், யாரோ கேட்டது கிடைக்காமல் போகிறது, யாரோ எதிர்க்கிறார்கள். அதனால் பேனா எடுக்கும்போதே இந்தக் கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இது வந்தபோது எதன் இடத்தில் வந்தது? யார் எதை இழந்தார்கள்? நல்ல தொடக்க வரலாறு எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனவர்கள் எழுதியதுதான்.

பிறந்தநாள் எது?

கொப்பியில் ஒரு பக்கத்தைத் திகதிகளுக்கென்று ஒதுக்குங்கள். மூன்று நிரல் போடுங்கள்: திகதி, என்ன நடந்தது, எங்கே பார்த்தேன். மூன்றாவது நிரல் வெறுமையாக இருந்தால் அந்தத் திகதி மலருக்குள் போகக் கூடாது.

எங்கள் கம்பஸை எடுங்கள். சட்டப்படி அது உருவானது 1974 ஆகஸ்ட் 1. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க வந்து திறந்து வைத்தது அதே ஆண்டு ஒக்டோபர் 6. அது தனிப் பல்கலைக்கழகம் ஆனது 1979 ஜனவரி 1. மூன்றில் எதைப் பிறந்தநாள் என்று எழுதுவது? மூன்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எதன் தொடக்கம் என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் போதும். வர்த்தமானியில் அறிவித்த நாள், சட்டம் நடைமுறைக்கு வந்த நாள், திறப்பு விழா நாள், முதல் விரிவுரை நடந்த நாள் எல்லாம் வேறு வேறாகத்தான் இருக்கும். ஒரு மலரில் ஒன்றும் இன்னொரு மலரில் இன்னொன்றும் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். பெரும்பாலும் இரண்டு பேரும் சரியாகவே எழுதியிருப்பார்கள், வேறு வேறு விஷயத்தைப் பற்றி.

1974இல் வந்தது ஏன் வளாகம், ஏன் பல்கலைக்கழகம் இல்லை என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். மலரில் இதை விளக்கத்தான் வேண்டும். 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் நாட்டிலிருந்த பல்கலைக்கழகங்களையும் கட்டுபெத்தத் தொழில்நுட்பக் கல்லூரியையும் ஒன்றாக்கி 'இலங்கைப் பல்கலைக்கழகம்' என்று ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. பேராதனை, கொழும்பு, வித்யோதய, வித்யாலங்கார, கட்டுபெத்த ஐந்தும் அதன் வளாகங்கள் ஆயின. ஆறாவதாகச் சேர்ந்தது யாழ்ப்பாணம். அப்புறம் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் அந்த ஏற்பாட்டைக் கலைத்து, வளாகங்களை மறுபடி தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் ஆக்கியது. அதனால்தான் முதல் தலைமைப் பொறுப்பில் இருந்த பேராசிரியர் க. கைலாசபதியை 'வளாகத் தலைவர்' என்கிறோம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவருக்குப் பின் வளாகத் தலைவராக இருந்து, 1979இல் முதல் துணைவேந்தர் ஆனார். பெயர்ப் பலகை மாறி எத்தனையோ காலம் ஆகியும் ஊரில் இன்னும் கம்பஸ் என்றுதான் சொல்கிறார்கள். மலரிலும் தயங்காமல் அப்படியே எழுதுங்கள்.

நிலத்திடமிருந்து தொடங்குங்கள்

நூலகத்துக்குப் போவதற்கு முன்னால் வளாகத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். காலையில், வகுப்பு தொடங்க முன்னர். எந்தக் கட்டடம் பழையது, எது பிறகு ஒட்டியது, எந்தக் கட்டடம் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று கவனியுங்கள். திருநெல்வேலி வளாகத்தில் (தமிழ்நாட்டுத் திருநெல்வேலி இல்லை, எங்கள் ஊர்த் தின்னவேலி) நுழைகிற எவருக்கும் முதலில் வரும் கேள்வி, அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குள் இவ்வளவு பெரிய சிவன் கோயில் எப்படி வந்தது என்பது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே வரலாற்றில் பாதி கிடைத்துவிடும்.

கோயில் பின்னால் வந்ததில்லை. பல்கலைக்கழகம்தான் பின்னால் வந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பிள்ளைகளுக்கென்று இரண்டு பாடசாலைகள் தொடங்கினார். பெண்களுக்கு மருதனார்மடத்தில் 1913இல் இராமநாதன் கல்லூரி, ஆண்களுக்குத் திருநெல்வேலியில் 1921இல் பரமேஸ்வராக் கல்லூரி. மிஷன் பாடசாலைகளுக்கு நிகராக ஆங்கிலமும் விஞ்ஞானமும் படிக்க வேண்டும், சமயத்தையும் விடக் கூடாது என்பது அவர் எண்ணம். பரமேஸ்வரன் கோயில் அந்தக் கல்லூரியோடு சேர்ந்தது. அவருடைய மருமகன் சு. நடேசன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கல்லூரியின் அதிபராக இருந்தவர், பிறகு அரசியலுக்குப் போய் 1952 தேர்தலில் காங்கேசன்துறையில் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தையே வென்றவர். 1974இல் கல்லூரியின் இடம் வளாகத்துக்குக் கைமாறியது.

அந்த 1921க்குப் பக்கத்தில் இன்னொன்றையும் குறித்து வையுங்கள். அதே ஆண்டில்தான் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 தொட்டு இயக்கம் நடத்தியவர் இராமநாதனின் தம்பி பொன்னம்பலம் அருணாசலம். பேராதனையில் அருணாசலம் மண்டபம், இராமநாதன் மண்டபம் என்று இரண்டு விடுதிகள் இருப்பது இதனால்தான். அண்ணன் யாழ்ப்பாணத்தில் பாடசாலை கட்டினார், தம்பி கொழும்பில் பல்கலைக்கழகத்துக்குப் போராடினார். அண்ணன் கட்டிய பாடசாலைக்குள்ளேயே ஒரு நாள் பல்கலைக்கழகம் வந்து குடியேறும் என்று இருவருமே அறிந்திருக்க வழியில்லை. இந்த இடத்தில் 'இராமநாதன் அன்றே பல்கலைக்கழகக் கனவு கண்டார்' என்று எழுத ஆசை வரும். அவர் கையால் எழுதிய ஒரு வரியோ பதிவான பேச்சோ உங்கள் மூன்றாவது நிரலில் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் அவர் செய்ததை மட்டும் எழுதுங்கள். அதுவே போதியளவு பெரிது.

தொடக்கியவர்களை முழு மனிதராக எழுத வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 1927-28இல் அரசியலமைப்பு மாற்றம் பற்றி விசாரிக்கப் பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வந்தபோது எல்லோருக்கும் வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்து நின்றவரும் இதே இராமநாதன்தான். அவர் எதிர்த்த அந்த எல்லோருடைய பேரப்பிள்ளைகளும் இன்றைக்கு அவர் பெயர் கொண்ட வீதியால் சைக்கிளில் கம்பஸுக்குப் போகிறார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத ஒரு மலருக்குத் துணிவு வேண்டும்.

இனி நான் சொன்ன கேள்வி. வளாகம் வந்தபோது பரமேஸ்வராக் கல்லூரி என்ற பாடசாலை அங்கே முடிந்துபோனது. நான் முதல் விரிவுரைக்குப் போய் உட்கார்ந்தது பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று செய்த வாங்கில். முழங்கால் மேசையில் இடிக்கும். பேராசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போது கோயில் மணி அடிக்கும், அவர் நிறுத்திவிட்டுத் தொடர்வார். எங்களுக்கு அது புதிய தொடக்கம். அந்த வாங்கில் எங்களுக்கு முன்னால் இருந்தவனுக்கு? பரமேஸ்வராவின் பழைய மாணவர் ஒருவரையாவது தேடிப்பிடித்து, பாடசாலை போனபோது என்ன நினைத்தீர்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு பேட்டி, எத்தனை வாழ்த்துச் செய்தி போட்டாலும் வராத கனத்தை உங்கள் மலருக்குக் கொடுக்கும்.

இரண்டாவது ஊரை விட்டுவிடாதீர்கள்

வளாகம் தொடங்கியது ஓரிடத்தில் இல்லை. மனிதப் பண்பியல் திருநெல்வேலியில், விஞ்ஞானம் வட்டுக்கோட்டையில். நான் இங்கே வரலாறு படித்த காலத்தில் என் மச்சாள் அங்கே விஞ்ஞானம் படித்தாள். ஒரே கம்பஸ் என்று பெயர், ஒருவரை ஒருவர் காண்பது கலியாண வீட்டில்தான். சில ஆண்டுகளில் விஞ்ஞானமும் திருநெல்வேலிக்கு வந்துவிட்டதால், பிறகு எழுதிய பலர் வட்டுக்கோட்டையை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் இப்படி மறந்துபோன ஒரு முதல் முகவரி இருக்கும். வாடகைக் கட்டடமாக இருக்கலாம், ஒரு பாடசாலையின் மாடியாக இருக்கலாம். அதைத் தேடிப் போய்ப் பாருங்கள்.

வட்டுக்கோட்டையில் வளாகம் இருந்தது யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இயங்கிய இடத்தில். அந்தப் பிரிவு, ஊரை விட்டுப் போக முடியாத பிள்ளைகளை இலண்டன் வெளிவாரிப் பட்டத்துக்குத் தயார் செய்தது. அந்த மண்ணின் பழங்கதை இன்னும் நீளமானது. அமெரிக்க மிஷன்காரர் 1823இல் அங்கே தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி, டானியல் பூவர் தலைமையில் கணிதமும் வானியலும் தமிழும் ஆங்கிலமும் சேர்த்துப் படிப்பித்தது. 1855இல் மூடப்பட்டது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் உருவானதும் நடந்த முதல் பி.ஏ. பரீட்சையில் தேறிய இருவர். கடல் கடந்து போய் வேறொரு பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனவர்கள் படித்த மண்ணில், நூறு ஆண்டுக்கு மேல் கழித்து ஒரு விஞ்ஞான பீடம் பிறந்தது.

இதை எழுதும்போது ஓர் எச்சரிக்கை. 'யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாறு 1823இல் தொடங்குகிறது' என்று எழுதிவிடாதீர்கள். இடம் தொடர்ந்து வருவது ஒன்று, நிறுவனம் தொடர்ந்து வருவது வேறு. செமினரி மூடியபின் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது. அது இன்றும் தன் பாட்டில் இயங்கும் பாடசாலை. வளாகம் அதன் பக்கத்தில் சில காலம் தங்கிவிட்டுப் போனது. பழமையை நீட்டிக் காட்டும் ஆசை எல்லா நிறுவனத்துக்கும் உண்டு. அந்த ஆசைக்கு உங்கள் பேனாவைக் கொடுக்க வேண்டாம்.

ஏன் அந்த ஆண்டு?

இது கடினமான பகுதி. இங்கேதான் மலர்கள் வழுக்கிக்கொண்டு போகும். 'மக்களின் நீண்டகாலக் கோரிக்கை நிறைவேறியது' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவார்கள். யாருடைய கோரிக்கை? என்ன கோரிக்கை?

தமிழருக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற பேச்சு 1950களிலிருந்தே இருந்தது. ஆனால் தமிழரசுக் கட்சி வழி வந்தவர்கள் கேட்டது திருகோணமலையில். வடக்கும் கிழக்கும் சேர்கிற இடம், கிழக்கு மாணவர்களுக்கும் கிட்டிய இடம் என்பது அவர்கள் நியாயம். யாழ்ப்பாணத்தில்தான் வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். ஆக, 1974இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது சிலருக்குக் கேட்டது கிடைத்தது, சிலருக்குக் கேட்டது பறிபோனது. திருகோணமலைக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கும் உங்கள் மலரில் ஒரு பந்தி இருக்க வேண்டும்.

மற்றப் பக்கத்தில் தரப்படுத்தல். 1970களின் தொடக்கத்தில் தமிழ் மொழியில் பரீட்சை எழுதியவர்கள் பல்கலைக்கழகம் போக, சிங்கள மொழியில் எழுதியவர்களைவிடக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டும் என்று வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. மருத்துவமும் பொறியியலும் படிக்கக் காத்திருந்த வீடுகளில் அந்த ஆண்டுகள் எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நேரத்தில், அதே அரசாங்கம் ஒரு வளாகத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. எங்கள் வீட்டு விறாந்தையில் ஐயாவும் அவர் நண்பர்களும் இதைப் பற்றி இரவிரவாக வாதாடினார்கள். இனி எங்கட பிள்ளைகளைப் பேராதனைக்கும் கொழும்புக்கும் எடாமல் இங்கேயே அடைத்துவிடுவார்கள் என்றார் ஒருவர். வாசலுக்கு வந்ததை ஏன் உதைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் தங்கள் பிள்ளைகளை நினைத்துத்தான் பேசினார்கள்.

அதே 1974 ஜனவரியில்தான் யாழ்ப்பாணத்தில் நாலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தது. கடைசி நாளான 10ஆம் திகதி இரவு பொலிஸார் கூட்டத்துக்குள் புகுந்ததைத் தொடர்ந்து உயிர்கள் போயின. அந்த மாநாட்டை முன்னின்று நடத்தியவர் வித்தியானந்தன், பிறகு முதல் துணைவேந்தர் ஆன அதே ஆள். ஜனவரிக்கும் ஒக்டோபருக்கும் இடையில் எத்தனை மாதம் என்று எண்ணிப் பாருங்கள். திறப்பு விழாவுக்குப் பிரதமர் வந்தபோது ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று அதிலிருந்து விளங்கும். கைலாசபதி இடதுசாரி, அரசாங்கத்தோடு பேசக்கூடியவர் என்பதும் அவர் தலைவரானதும் இதற்குள்தான் வருகிறது. அவரைத் துரோகி என்றவர்களும் இருந்தார்கள், அவர் இல்லாவிட்டால் வளாகமே நிமிர்ந்திருக்காது என்றவர்களும் இருந்தார்கள். இரு பக்கத்தையும் எழுதுங்கள். என்னைக் கேட்டால், மூன்று ஆண்டுக்குள் அவர் திரட்டிய ஆசிரியர்களைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்பேன்.

இந்தப் பகுதிக்கு எங்கே தேடுவது? பாராளுமன்ற விவாதங்களைத் தேடும்போது 1972 முதல் 1978 வரை அந்தச் சபைக்குத் தேசிய அரசுப் பேரவை என்று பெயர் என்பதை நினைவில் வைத்திருங்கள். 'பாராளுமன்றம்' என்று தேடினால் கைக்கு வராது. பத்திரிகை என்றால் ஒன்றோடு நிற்காதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஈழநாடு ஒரு கண்ணால் பார்க்கும், கொழும்பிலிருந்து வந்த வீரகேசரி இன்னொரு கண்ணால், அரசாங்கத்தின் கைக்குப் போயிருந்த லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தின் தினகரன் வேறொரு கண்ணால். ஒரே நாளின் மூன்று பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். தலைப்பு என்ன, எத்தனையாம் பக்கத்தில் போட்டார்கள், யாருடைய படம் பெரிது என்று பாருங்கள்.

ஆட்களிடம் கேட்பது

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. அவசரமான வேலையும் இதுதான். 1974இல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபதுக்கு மேல். கடதாசி காத்திருக்கும், ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள். எனவே நூலக வேலையைத் தள்ளிப்போட்டாவது முதலில் பேட்டிகளை எடுங்கள்.

பேராசிரியர்களோடு நின்றுவிடாதீர்கள். அவர்கள் நிறைய எழுதிவைத்திருப்பார்கள். எழுதாதவர்களிடம் போங்கள். ஸ்டென்சில் வெட்டி றோனியோ மெசினில் பிரதி எடுத்துக் கொடுத்த எழுதுவினைஞர், நூலகத்தில் முதல் புத்தகங்களுக்கு இலக்கம் ஒட்டியவர், சிற்றுண்டிச்சாலையில் தேத்தண்ணி ஊற்றியவர், காவலாளி. அப்புறம் திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் மாணவருக்கு அறை கொடுத்த வீடுகள். எல்லோருக்கும் விடுதி இல்லாத காலத்தில் கம்பஸின் பாதி அந்த வீடுகளின் முன்னறைகளில்தான் நடந்தது.

போகும்போது ஒரு பழைய படத்தைக் கொண்டுபோங்கள். 'அந்தக் காலம் எப்படி இருந்தது?' என்று கேட்டால், 'நல்லாத்தான் இருந்தது' என்ற பதில்தான் வரும். படத்தைக் காட்டி, 'இந்தக் கட்டடத்துக்கு எந்தப் பக்கத்தால் போவீர்கள்? மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கே போனீர்கள்? மழைக்கு எந்த வகுப்பு ஒழுகும்?' என்று கேளுங்கள். கால்நடையாகப் போன வழி ஞாபகம் வந்தால் அதோடு ஆட்களும் வருவார்கள், சண்டைகளும் வரும். இடையில் குறுக்கிட வேண்டாம். மௌனமாக இருந்தால் நீங்களும் இருங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்வதென்றால் முதலே கேட்டுவிடுங்கள், பெயர் போடலாமா என்பதையும் கேளுங்கள். பேச்சு முடிந்த பிறகு, எழுதியதை வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்குவது மரியாதை.

ஒரு கூட்டத்தைக் கட்டாயம் தேட வேண்டும். எங்கள் வளாகத்தின் தொடக்கத் தொகுதிகளில் சிங்கள மாணவர்களும் படித்தார்கள். 1977 ஆகஸ்ட் இனக் கலவரத்தோடு அவர்கள் போனார்கள், தெற்கிலுள்ள வளாகங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களும் எங்கள் கம்பஸின் முதல் மாணவர்கள்தான். ஆனால் மலர்களில் அவர்களைக் காண்பது அரிது. கொக்குவிலில் ஒரு அம்மா தன் வீட்டில் இருந்த இரண்டு சிங்களப் பிள்ளைகளைப் பற்றி என்னிடம் சொன்னார். புட்டு அவிக்கப் பழகியது, வேலிக்கரையில் நின்று கதைத்தது, போகிற அன்றைக்கு ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போனது. 'பிறகு ஆள் விட்டு எடுப்பினம் எண்டு வைச்சிருந்தனான்' என்றார். அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு காலியிலோ குருநாகலிலோ ஓய்வு பெற்ற ஆசிரியைகளாக இருக்கக்கூடும். சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, பழைய மாணவர் வலையில் ஒரு அறிவித்தல் போட்டுப் பாருங்கள். ஒருவர் கிடைத்தாலும் அது பெரிய காரியம்.

எரிந்ததும் எஞ்சியதும்

யாழ்ப்பாணத்தில் தேடுகிறவர்களுக்கு மற்ற ஊர்க்காரருக்கு இல்லாத கஷ்டம் ஒன்று உண்டு. 1981 ஜூன் தொடக்கத்தில் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அதே நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. 1995இல் போரால் முழு ஊரும் இடம்பெயர்ந்தது. அதனால் 'நூலகத்தில் இல்லை' என்ற பதிலை முடிவாக எடுக்காதீர்கள். வீடுகளில் இருக்கும். இடம்பெயரும்போது நகையோடு பட்டச் சான்றிதழையும் குழுப் படத்தையும் கட்டிக்கொண்டு போன சனம் எங்களுடையது. கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்தில் பழைய பத்திரிகைகள் உண்டு. 2005 முதல் இணையத்தில் இயங்கும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ் மலர்களும் சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வீட்டுப் படங்களை இரவல் கேட்காதீர்கள். அங்கேயே சன்னல் வெளிச்சத்தில் வைத்து, நிழல் விழாமல் நேராகப் படம் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், பல நேரம் பெயரும் திகதியும் அங்கேதான் இருக்கும். கிழிந்த பத்திரிகையில் ஒட்டுநாடா ஒட்ட வேண்டாம், பிளாஸ்ரிக் உறை அடிக்கவும் வேண்டாம். குழுப் படத்தில் இடமிருந்து வலமாக யார் யார் என்று உடனே எழுதிக்கொள்ளுங்கள். தெரியாதவரைத் 'தெரியவில்லை' என்றே போடுங்கள், மலர் வந்த பிறகு யாராவது அடையாளம் காட்டுவார்கள்.

எழுதும்போது

எங்கே நிறுத்துவது என்று முதலே தீர்மானியுங்கள். தொடக்க வரலாற்றை இன்றுவரை இழுத்தால் கடைசிப் பாதி பீடங்களின் பட்டியலாகிவிடும். நான் என்றால் 1980இல் நிறுத்துவேன். காரணம் உண்டு. 1975இல் மருதனார்மடத்து இராமநாதன் இசைக் கல்லூரி வளாகத்தோடு சேர்ந்தது. 1978இல் மருத்துவ பீடம் வந்தது. மறு ஆண்டு வளாகம் தன் பெயரில் பல்கலைக்கழகம் ஆனது. 1980இல் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் பல்கலைக்கழகக் குழு ஆனைக்கோட்டையில் அகழாய்வு செய்து, பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றில் பிராமி எழுத்துள்ள முத்திரை ஒன்றை எடுத்தது. ஆறு ஆண்டுக்கு முன்னால் பாடசாலை வாங்கில் உட்கார்ந்து தொடங்கிய ஒரு துறை, தன் மண்ணின் பழமைக்குத் தானே சான்று தோண்டி எடுத்துவிட்டது. எனக்கு அது ஒரு கட்டத்தின் முடிவு. உங்கள் வளாகத்துக்கு வேறொரு கட்டம் இருக்கும், ஆனால் ஏன் அங்கே நிறுத்தினீர்கள் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் நடுவில் ஒரு கதையை நீங்களே செய்யாதீர்கள். இன்னார் இப்படிச் சொன்னார், இன்னார் அப்படிச் சொன்னார் என்று இரண்டையும் போடுங்கள். புகழ்ச் சொற்களைக் குறையுங்கள். 'மாபெரும் கல்விமான்' என்று எழுதுவதைவிட அவர் எந்த ஆண்டில் என்ன பாடத்தைத் தொடக்கினார், யாரைக் கொண்டுவந்தார் என்று எழுதினால் வாசிப்பவருக்கே மரியாதை வரும். கைலாசபதியின் பெயரில் கலையரங்கு இருக்கிறது. அவர் 1982 டிசம்பரில் ஐம்பது வயதுகூட ஆகாமல் இறந்தார் என்பது அந்த அரங்கில் இருந்து நாடகம் பார்க்கிற எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? அப்படிப்பட்ட தகவலைத்தான் மலர் சொல்ல வேண்டும்.

அச்சிட்ட பிறகும் வேலை இருக்கிறது. பேட்டி கொடுத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், தபாலில் அனுப்ப வேண்டாம். கொடுக்கும்போது இன்னும் இரண்டு படமும் ஒரு திருத்தமும் கிடைக்கும். பல்கலைக்கழக நூலகத்துக்கும் பொது நூலகத்துக்கும் பிரதிகள் கொடுங்கள். எண்ணிம நூலகத்துக்கு கோப்பாக அனுப்புங்கள். பேட்டிப் பதிவுகளை ஒரே ஒருவரின் தொலைபேசியில் விட்டுவைக்காமல் வேறு இரண்டு இடங்களிலாவது சேமியுங்கள். திகதிகள் எழுதிய அந்தக் கொப்பியை எறிய வேண்டாம். அடுத்த மலர்க்குழு வரும்போது மூன்றாவது நிரலோடு அப்படியே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.